அந்தக் கைக்கு ஒரு பேர் உண்டு

1

“…கை வந்துச்சு, கை இழுத்துச்சுன்னு பதினாலு வருசமா சொல்லுதிய. அந்தக் கைக்கு ஒரு பேரு உண்டுல்லா?”

கேட்டது என் மனைவி எஸ்தர். டொராண்டோவில் எங்கள் வீட்டுச் சமையலறையில், மறுநாள் நான் வேலைக்குக் கொண்டுபோக வேண்டிய சோற்றை டப்பாவில் அடைத்துக்கொண்டே கேட்டாள். என் பக்கம் திரும்பவில்லை. சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே எங்கள் மகள் பிரிசி பேனாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் இதுதான். இங்கே எங்கள் தமிழ்ச் சபை தொடங்கிப் பத்து வருடம் ஆகிறது. அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். சபை மூப்பர் அருளானந்தம் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். போன் பண்ணி, “தம்பி, உம்மட சாட்சி இல்லாமல் மலர் நிறையாது. பிள்ளையளும் வாசிக்கவேணும், இங்கிலீஷிலயும் எழுதித் தாரும்” என்றார். ஆண்டுவிழா ஞாயிறன்று சபையார் முன்னாலும் அதைச் சொல்ல வேண்டும். கடவுள் தன் வாழ்க்கையில் செய்ததை ஒருவர் எழுந்து நின்று சொல்வதைத்தான் நாங்கள் சாட்சி என்கிறோம். என் சாட்சி ஓசூரில் பிரஸ் மெஷினில் என் கை தப்பிய கதை. என் இங்கிலீஷ் ஃபோர்மேனிடம் லீவு கேட்கத்தான் காணும். அதனால் நான் தமிழில் சொல்ல, பிரிசி இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வந்தாள்.

‘அப்போது ஒரு கை வந்து என்னைப் பிடித்து இழுத்தது’ என்ற இடம் வந்ததும் பேனாவை நிறுத்தினாள்.

“யார் கை, அப்பா?”

“கர்த்தருடைய கை.”

“நோ, ரியல்லி. அங்க யாரு நின்னாங்க?”

நான் தண்ணீர் குடித்தேன். அப்போதுதான் எஸ்தர் அப்படிக் கேட்டாள்.

ஓசூர் மத்திகிரியில் எங்கள் ஜெப அறைக்கு வந்து போனவர்கள் சிலர் இந்தப் பத்திரிகையை இன்னும் வாங்குகிறீர்கள் என்று தெரியும். அந்தச் சாட்சியை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், சிலர் அழுதும் இருக்கிறீர்கள். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

2

நாங்கள் இரண்டு பேருமே திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி மூன்றாம் மாதம் ஓசூருக்கு வந்தோம். மத்திகிரியில் ஆறு கதவுள்ள வரிசை வீடு, ஆறுக்கும் சேர்த்து ஒரே குழாய். வீட்டுக்காரர் தெலுங்கு, மளிகைக் கடைக்காரர் கன்னடம், நாங்கள் தெற்கத்தித் தமிழ். குழாய்க்கு முதல் கதவு சாதிக் வீடு, இரண்டாவது எங்கள் வீடு. சாதிக்குக்கு ஊர் கிருஷ்ணகிரி. நானும் அவனும் ஒரே தொழிற்சாலையில், பக்கத்துப் பக்கத்து மெஷினில் வேலை. அவன் மனைவி நூர்ஜகானும் எஸ்தரும் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினால் தண்ணீர் நின்றுபோவதுகூடத் தெரியாது.

நான் பேச்சுக்காரன். யாராவது நல்லதாக ஒன்று சொன்னால் அதை இன்னொருவரிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. சாதிக் வாயிலிருந்து அப்படி நிறைய வரும். சூப்பர்வைசர் எண்ணிக்கை குறைந்தது என்று கத்திவிட்டுப் போனால், “இன்னும் கொஞ்சம் கத்தியிருந்தா தகடு தானா வளஞ்சிருக்கும், நமக்கு வேலயே இல்ல” என்பான். மெஷின் மக்கர் பண்ணினால், “உடுப்பா, அது என்னா நம்ம மாமியாரா, கோச்சிக்கறதுக்கு?” என்பான். அவன் சொன்னதையெல்லாம் ஜெப அறையில் என்னுடையதுபோல் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். இப்போது யோசித்தால், அவனுடையதை எடுத்துக்கொள்ளும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

ஜெப அறை என்பது வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை. பாதிப் பேருக்கு ஞாயிறன்று ஷிப்ட் இருக்கும். யார் யாருக்கு எப்போது வார லீவு என்று பார்த்து, அதிகம் பேருக்குத் தோதான நாளில் ஆராதனை வைப்போம். கதவில் யாராவது சாக்பீஸால் எழுதிவிட்டுப் போவார்கள்: ‘இந்த வாரம் ஞாயிறு, வியாழக்கிழமை.’ வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, “மீ தேவுடுக்கும் ஷிப்டா?” என்று கேட்டதை சாதிக் பல நாள் சொல்லித் திரிந்தான்.

பிரஸ் மெஷின் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தகட்டை அச்சில் வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் உள்ள இரண்டு பொத்தான்களை இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கும் பாரம் இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்குள் இருக்காது. அதற்காகவே அப்படிச் செய்திருந்தார்கள். நாங்களோ ஒரு பொத்தானை அழுத்தி, அது மேலே வராதபடி சந்தில் ஒரு மரச்சில்லைச் செருகிவிடுவோம். அப்புறம் ஒரு கை பொத்தானுக்கு, ஒரு கை தகட்டுக்கு. வேலை ஓடும். எல்லோர் சட்டைப் பையிலும் பேனா மாதிரி ஒரு சில்லு இருந்தது.

அன்றைக்குக் காலை ஷிப்ட் முடிய அரை மணி நேரம் இருந்தது. இடது பக்கப் பொத்தானில் என் சில்லு. ஒரு தகடு அச்சில் மாட்டிக்கொண்டது. இடது கையை உள்ளே விட்டு நெம்பினேன். குனிந்த வாக்கில் என் வலது முழங்கை மற்றப் பொத்தானில் சாய்ந்துவிட்டது. சாதிக்கின் தோள் என்மேல் மோதியதும், என் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்ததும்தான் எனக்குத் தெரியும். நான் கீழே கிடந்தேன். எழுந்து பார்த்தபோது அவன் நின்றுகொண்டு தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததை அண்மைவரை நான் யாரிடமும் சொன்னதில்லை, எஸ்தரைத் தவிர. ஆட்கள் ஓடி வருகிறார்கள். அதற்குள் சாதிக் தன் இடது கையால் என் பொத்தானிலிருந்த சில்லைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். என்னைப் பார்த்து, “வாயத் தொறக்காத. ஊட்ல புள்ளத்தாச்சி இருக்குது” என்றான். அவன் சொன்னது எஸ்தரை. பிரிசி அப்போது வயிற்றில் ஆறு மாதம்.

கன்னடக்கார சூப்பர்வைசர் “ஏனாயித்து? ஏனாயித்து?” என்று கேட்டபடி வந்து மெஷினைப் பார்த்தார். இரண்டு பொத்தானும் சுத்தமாக இருந்தன.

எட்டாம் நாள் விசாரணை. கட்டுப் போட்ட கையோடு சாதிக் வந்து, விளையாட்டாகப் பக்கத்து மெஷினில் கை வைத்துவிட்டதாகச் சொன்னான். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னைப் பார்த்து, “அப்படித்தானா?” என்றார். நான் தலையாட்டினேன். அவனுக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு அடுத்த மாதமே நிரந்தரக் கடிதம் வந்தது. அந்த மாதக் கடைசியில் நூர்ஜகான் குழாயடியில் எஸ்தரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள். முதல் கதவுக்கு வேறு ஆள் வந்தார்கள்.

3

நான் முதல்முதல் சாட்சி சொன்னது அதற்கு அடுத்த வாரம். எழுந்து நின்றேன், அழுகைதான் வந்தது. “ஒரு கை வந்து என்னைய இழுத்துச்சு” என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு அது பொய் கிடையாது. கேட்டவர்களில் பாதிப் பேர் எங்கள் தொழிற்சாலை, யார் கை என்று அவர்களுக்குத் தெரியும். பெயரைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அதன் பின்னாலேயே சில்லும் வந்துவிடுமோ என்று பயம்.

வெளியூரிலிருந்து பிரசங்கத்துக்கு வந்திருந்த ஊழியர் ஒருவர் உடனே எழுந்து, அந்தக் கை மனுஷக் கையா, கர்த்தருடைய கை அல்லவா என்று கேட்டு உரத்த குரலில் ஜெபித்தார். அறையே அழுதது. எனக்கு உடம்பெல்லாம் இலேசானது. அதுவரை என்னைப் பார்த்து யாரும் அழுததில்லை.

அப்புறம் கிருஷ்ணகிரிக்குக் கூப்பிட்டார்கள். சாமல்பட்டி ஸ்டேஷன் பக்கம் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். சாமல்பட்டியில் சொன்னபோது அந்தக் கையில் வெளிச்சம் சேர்ந்தது. கனடா வந்த பிறகு ஒருநாள் அந்தக் கையில் இயேசுவின் ஆணித் தழும்பும் வந்துவிட்டது. எதை எங்கே சேர்த்தேன் என்று ஊர் ஊராக எனக்குத் தெரியும். சொல்லும்போது மட்டும் தெரியாது. அந்த நேரத்தில் நான் அதை நம்பினேன் என்பதுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்த இடம் வரும்போது எஸ்தர் எழுந்துவிடுவாள். முதலில் குழந்தை அழுகிறது என்று வெளியே போனாள். குழந்தை வளர்ந்த பிறகு டீ எடுத்து வைக்கப் போனாள். இங்கே வந்தபின் கோட்டை எடுத்துக்கொண்டு காற்று வாங்கப் போகிறாள், பனிக்காலத்திலும். ஒரு தடவைகூட அவள் அந்த இடத்தை உட்கார்ந்து கேட்டதில்லை. வேலை உள்ளவள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது.

4

எஸ்தரின் அண்ணன் இங்கே இருந்ததால் கனடாவுக்கு மனுப் போட்டோம். பத்து வருடமாகக் குடியிருந்த எல்லா வீட்டுக்கும் கதவு எண்ணோடு விலாசம் கேட்டார்கள். மத்திகிரி வீட்டுக்குக் கதவு எண்ணே கிடையாது. ‘குழாயிலிருந்து இரண்டாவது கதவு’ என்று எழுதினேன். எழுதும்போது முதல் கதவு நினைவுக்கு வந்தது.

விசா வந்த வாரம் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போனேன். சாதிக் அங்கே மாட்டுக்குக் கயிறு விற்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவன் கையைக் கர்த்தர் கையாக்கிச் சாட்சி சொல்லிவருவதை அவனிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன், தொழிற்சாலைக்கும் உண்மையை எழுதிக் கொடுக்கிறேன் என்று எஸ்தரிடம் சொல்லியிருந்தேன். நூர்ஜகானுக்கு என்று அவள் ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்துவிட்டாள்.

தார்ப்பாயில் கயிறுகளைச் சுருட்டி அடுக்கி, சாதிக் முழம் போட்டுக்கொண்டிருந்தான். கட்டைவிரலுக்கும் மிச்சமிருந்த இரண்டு விரலுக்கும் நடுவே கயிறு சறுக்காமல் ஓடியது. கன்னடத்தில் பேரம் பேசிய ஒருவருக்குத் தெலுங்கில் பதில் சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்துவிட்டான்.

“வாப்பா தெற்கத்தி. மாடு வாங்க வந்தியா?”

“உன்னைப் பார்க்கத்தான்.”

“என்னைய வாங்கி என்னா பண்ணுவ. பல்லு புடிச்சுப் பாத்தா வயசு தெரிஞ்சிரும்.”

முறுக்கை வாங்கி வைத்துக்கொண்டு டீ சொன்னான். கனடா போகிறேன் என்றேன். கயிற்றுச் சுருளை நகர்த்தி எனக்கு உட்கார இடம் விட்டான். பிறகு, “பிரஸ்ஸு வேலயா அங்கயும்?” என்றான்.

“அப்படித்தான் இருக்கும்.”

“பக்கத்து மிஷின்ல நான் இருக்கமாட்டேன். கைய பாத்து வையி.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நானும் சிரித்தேன். சொல்ல வந்ததை டீ முடிந்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். ஒருவர் கன்றுக்குட்டிக்குக் கயிறு கேட்டு வந்தார், அவன் எழுந்துவிட்டான். கிளம்பும்போது, “பொட்டியக் கட்டிக்கோ, வெளிநாட்டுல தூக்கித் தூக்கி எறிவானுங்களாம்” என்று நல்ல கயிறாகப் பத்து முழம் வெட்டிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் எஸ்தர், “சொன்னியளா?” என்றாள்.

“சந்தையில கூட்டம்” என்றேன்.

அவள் கயிற்றை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. அந்தக் கயிறு இன்னும் இருக்கிறது. சமையலறை ஓரத்தில் கட்டி, குளிர்காலத்தில் துணி காயப்போடுகிறோம்.

5

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று கேட்பீர்கள். விடிவதற்குள் பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், பிளாஸ்டிக் வாளி வார்க்கும் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நிற்பது, மறுபடி இரண்டு பஸ். முழங்கால் இரண்டும் தனித்தனியாக நச்சரிக்கின்றன. எதற்கெடுத்தாலும் ஒரு அட்டை, எல்லா அட்டைக்கும் புதுப்பிக்கும் தேதி. புதுப்பிக்கப் போனால் புதுப் படம் கேட்பார்கள். பழையதை நீட்டினால் கவுண்டரிலுள்ள பெண் அதையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது செல்லாது என்று திருப்பித் தருவாள்.

சபையில் நற்கருணை அப்பம் எடுக்கும் முன் தன்னைத் தானே சோதித்துப் பார்க்கச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். நான் அதைத் தினமும் இரண்டாவது பஸ்ஸில் செய்கிறேன். நேற்று ஃபோர்மேனை மனதுக்குள் திட்டியது, மச்சானின் காரைப் பார்த்து வயிறெரிந்தது, ஜெபத்தில் தூங்கியது, எஸ்தரிடம் சள்ளென்று விழுந்தது. ஒவ்வொன்றாகச் சொல்லி மன்னிப்புக் கேட்பேன். இறங்கும்போது மனது துடைத்து வைத்ததுபோல் இருக்கும். ஆனால் வீடு பெருக்குகிறவனுக்கு எந்தப் பெட்டியை நகர்த்தக் கூடாது என்று தெரியும். அதைச் சுற்றி நன்றாகவே பெருக்கிவந்தேன்.

எங்கள் மெஷினில் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று உண்டு. கை குறுக்கே போனால் மெஷின் தானாக நின்றுவிடும். வருடம் ஒருமுறை பாதுகாப்பு வகுப்பு. போன மாத வகுப்பில், இதுபோன்ற ஒரு பாதுகாப்பை ஏமாற்றி வேலை செய்தவர்கள் யாராவது உண்டா, வெட்கப்படாமல் கையைத் தூக்குங்கள் என்று கேட்டார் வகுப்பு எடுத்தவர். நான் இடது கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஐந்து விரலும் உள்ள கை.

6

எஸ்தர் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு பிரிசிக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. முடிந்ததும், “சர்ச்சுலயா பொய் சொன்னீங்க?” என்றாள்.

“முழுப் பொய் இல்லம்மா…”

“அப்போ அங்க எழுந்து நின்னு பேசற எல்லாருமே இப்படித்தானா?”

அவளைச் சபைக்குக் கூட்டிக்கொண்டு போவதே இப்போது பெரும்பாடு. பாட்டுக் கேட்கும் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்காருவாள். தமிழ் புரியவில்லை என்பாள். எனக்குத் தெரிந்து அவள் முதல்முறையாக எங்கள் விசுவாசத்தைப் பற்றிக் கேட்ட கேள்வி அதுதான். அவள் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினாள். “நான் இத எழுதமாட்டேன். ஞாயித்துக்கிழம நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கறேன்.”

அந்த வாரம் சாதிக்குக்குக் கடிதம் எழுதினேன். முதல் இரண்டும் சாட்சி மாதிரியே வந்தன, கிழித்தேன். மூன்றாவதில் நாலே வரி. குந்தாரப்பள்ளிச் சந்தை, கயிற்றுக்கடை சாதிக் என்று விலாசம் போட்டேன். தொழிற்சாலைக்கும் ஒன்று, அன்று விசாரணையில் நான் தலையாட்டியது பொய் என்று. அதை வாசிக்க அங்கே யார் இருக்கிறார்களோ தெரியாது. சந்தைக்குப் போகிறவர்கள் யாராவது வலது கையில் இரண்டு விரல் இல்லாமல் கயிறு அளக்கிறவரைக் கண்டால், கடிதம் வந்ததா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

7

எங்கள் ஆராதனை ஒரு வெள்ளைக்காரச் சபையின் கீழ்த்தளத்தில், மத்தியானத்துக்கு மேல். ஆண்டுவிழா என்பதால் நாற்காலி போதவில்லை. அருளானந்தம் அண்ணை மலருக்குக் குறிப்பெடுக்க முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடைசி வரிசையில் பிரிசி. எஸ்தர் அவளுக்கு அடுத்து ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்து, நடுவில் கைப்பையை வைத்திருந்தாள்.

அந்த இடம் வந்தது. வழக்கம்போல் எஸ்தர் எழுந்தாள், ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனாள்.

“அந்தக் கை சாதிக் என்கிற என் பக்கத்து வீட்டுக்காரனுடைய கை” என்றேன். “என்னைக் காப்பாற்றப்போய் அவன் இரண்டு விரலை இழந்தான்.”

“ஆமென்” என்றார்கள். “அல்லேலூயா” என்றார் ஒருவர். “ஆண்டவர் ஆரைக் கொண்டும் இரட்சிப்பார்” என்று அருளானந்தம் அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார். எனக்குள் அந்தப் பழைய சூடு ஏறியது. நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை, பழைய சாட்சியைவிட இது நன்றாக வந்துவிட்டது. இத்தோடு உட்கார்ந்திருந்தால் அடுத்த வருடமும் கேட்டு வாங்கியிருப்பார்கள்.

எஸ்தர் வெளியே போயிருக்கவில்லை. ஒரு கையில் கோட்டு, மறு கையில் பாதி திறந்த கதவு. அன்றைக்கு முறுக்குப் பொட்டலம் கொடுத்து அனுப்பிவிட்டு, திரும்பி வந்தவனைப் பார்த்த அதே பார்வை.

அப்புறம்தான் சில்லைப் பற்றிச் சொன்னேன். அதை வைத்தது நான். எடுத்து ஒளித்தது அவன், இரத்தம் வடிய. விசாரணையில் நான் தலையாட்டியது, அவன் வேலை போனது, என் வேலை நிரந்தரமானது. கையில் வெளிச்சம் எந்த ஊரில் சேர்ந்தது, தழும்பு எந்த ஊரில் சேர்ந்தது என்பதையும் சொன்னேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. அருளானந்தம் அண்ணையின் பேனா நின்றுவிட்டது. முன்னால் இருந்த ஒரு அம்மா தன் வேதப்புத்தகத்தின் உறையைத் தடவிக்கொண்டிருந்தார். எங்கோ வெந்நீர்க் குழாய் தட்டிக்கொண்டிருந்தது.

இதை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. பழைய சாட்சிக்கு நல்ல முடிவு இருந்தது. “அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். எங்கே போய் உட்காருவது என்று விளங்காமல் நடுவழியில் நின்றேன். பிரிசி காதிலிருந்ததைக் கழற்றிக் கழுத்தில் போட்டிருந்தாள். எஸ்தர் கதவைச் சாத்தினாள். கோட்டை மறுபடி ஆணியில் மாட்டினாள். தன் இடத்துக்குத் திரும்பி வந்து, நடு நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.